சிங்கப்பூரிலிருந்து தம்பிக்கு

அன்புள்ள முரளிக்கு,

கை நிறையச் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு ஏன் தூக்கம் வரவில்லை என்று கேட்டிருந்தாய். சம்பளத்தைக் குறை சொல்ல மாட்டேன்; பணத்தையே பெரிதாக நினைப்பதைத்தான் சொல்வேன். 1993இல் டிம் காசர், ரிச்சர்ட் ரயன் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் ஆராய்ந்ததில், உறவையும் ஊருக்குச் செய்வதையும் பின்னே தள்ளிப் பணத்தை முன்னே வைத்தவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் கூடுதலாக இருந்தன. பின்னர் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் அதே போக்குதான்; ஆனால் மிதமான தொடர்பு. பொருளாசை பிடித்த எல்லாரும் நோயாளி ஆவதில்லை. தனிமையில் வாடுகிறவன் கடைக்கு ஓடுவதும் உண்டு, ஆகவே எது முதலில் வந்தது என்று எளிதில் சொல்ல முடியாது.

இந்த ஊரில் வாழ்க்கையில் ஜெயித்ததற்கு அடையாளம் 'ஐந்து சி' என்பார்கள்: கேஷ் (ரொக்கம்), கார், கிரெடிட் கார்டு, காண்டோ (தனியார் அடுக்குமாடி) வீடு, கன்ட்ரி கிளப். காரையே எடுத்துக்கொள். வண்டி வாங்கும் உரிமைக்கே சி.ஓ.இ. என்று ஏலம், மாதம் இரண்டு முறை. அண்மை ஆண்டுகளில் அதுவே ஒரு லட்சம் வெள்ளியை, அதாவது சிங்கப்பூர் டாலரை, தாண்டியிருக்கிறது, வண்டி விலை தனி. பத்து வருடம் முடிந்தால் மறுபடி பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும், இல்லையென்றால் பதிவை ரத்து செய்ய வேண்டும். எம்.ஆர்.டி. என்கிற மெட்ரோ ரயிலும் பஸ்ஸும் மூலைமுடுக்கெல்லாம் போகிற ஊரில் இது! பக்கத்து வீட்டுக்காரன் வாங்கிவிட்டான் என்பதைத் தவிர வேறு காரணம் பலருக்கும் கிடையாது.

நீ இங்கே வேலைக்கு வந்தால் முதலில் மாட்டுவது கிரெடிட் கார்டில்தான். ஆண்டுக்கு 27% வட்டி என்று வை. 5,000 வெள்ளி பாக்கிக்கு மாத வட்டி மட்டும் 112 வெள்ளி 50 காசு. குறைந்தபட்சத் தொகை 3%, அதாவது 150 வெள்ளி கட்டினால் அசலில் கழிவது 37 வெள்ளி 50 காசு. அதை அடைக்க ஞாயிற்றுக்கிழமையும் ஓவர்டைம் பார்ப்பார்கள். வீட்டுக்குப் பேசுவது நிற்கும், கோயில் நிற்கும், சமையல் நிற்கும். மனசைத் தாங்கிப் பிடிக்கிறவை அவைதானே? அவை போன பிறகு, வெறுமையைப் போக்க இன்னொரு போன் வாங்குவார்கள்.

கார்டு பாக்கி முழுசும் உன் கணக்கிலிருந்து தானாகவே கட்டப்படும்படி வங்கியில் 'ஜைரோ' எழுதிக் கொடு. ஷாப்பிங் ஆப்பில் கார்டு எண்ணைச் சேமித்து வைக்காதே. ஒவ்வொரு முறையும் தட்டச்சு செய்கிற சிரமத்திலேயே பாதி ஆசை அடங்கிவிடும். மனம் சரியில்லாத ராத்திரியில் எதையும் வாங்காதே. தூக்கமின்மையும் சோர்வும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் பாலிகிளினிக் என்கிற அரசு மருத்துவ நிலையத்துக்குப் போ. தாங்க முடியாத நெருக்கடி என்றால் 1767 என்ற எண்ணில் எந்நேரமும் பேசலாம்.

இங்கே வேலைக்கு அனுப்பும் ஏஜென்டுக்குக் கட்ட வட்டிக்குக் கடன் வாங்குவதற்கு முன் எனக்கு ஒரு போன் போடு.

அன்புடன்,
அக்கா