இபிதெம் என்று ஓர் ஊர்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் குடும்ப வம்சாவளி தேடுவது பற்றி வந்த கட்டுரையை ஆசையாகப் படித்தேன். ஒரே ஓர் இடம்தான் உறுத்தியது. பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளில் வரும் ஊர்ப்பேர்கள் வெள்ளைக்காரச் சாமியார்கள் காதில் விழுந்தபடி கிறுக்கியவை, அவற்றை நம்பிப் பயனில்லை என்று கட்டுரையாளர் ஒரு வரியில் கை கழுவிவிட்டார். திருச்சிப் பக்கம் ஒரு கத்தோலிக்கப் பங்கு (கோவில் வட்டாரம்) அலுவலகத்தில் பதினோரு வருஷம் எழுத்தராக இருந்து, சான்றிதழ் கேட்டு வருகிறவர்களுக்காக அந்தத் தடித்த புத்தகங்களைப் புரட்டியவன் நான். அந்தப் பேர்கள் சார்பாக நாலு வார்த்தை பேசியே ஆக வேண்டும்.

முதலில் ஒரு கூத்தைச் சொல்கிறேன். மலேசியாவிலிருந்து ஒரு தம்பி வந்தார். கொள்ளுத்தாத்தாவின் பதிவை மட்டும் யாரோ கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பியிருந்தார்கள். ஊர் ‘இபிதெம்’. மூன்று நாளாக வாடகை வண்டி வைத்துக்கொண்டு அரியலூர், தஞ்சாவூர் என்று விசாரித்திருக்கிறார். லத்தீனில் இபிதெம் என்றால் ‘அதே இடம்’, அவ்வளவுதான். புத்தகத்தை எடுத்துப் பார்த்தால், ஆறு பதிவுக்கு மேலே ஊர்ப்பேர் முழுசாக இருக்கிறது. ஒரே பேரைத் திரும்பத் திரும்ப எழுத சாமியாருக்குக் கை வலித்திருக்கும். ‘ஹூயுஸ் பாகி’ என்பதையும் இப்படித்தான் ஊர் என்று நினைப்பார்கள். அதற்கு ‘இவ்வூர்’ என்று பொருள். ‘ப்ரோபே’ என்றால் ‘பக்கத்தில்’.

அப்புறம் எழுத்துக்கூட்டல். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மதுரை மிஷன் என்ற கத்தோலிக்க மறைப்பணியில் இருந்த சேசுசபைச் (ஜெசுயிட்) சாமியார்கள் பலர் பிரெஞ்சுக்காரர்கள். பி, ஓ, யூ, டி, ஓ, யூ, ஆர் என்று எழுதியிருந்தால் நம் பிள்ளைகள் ஆங்கிலத்தை நினைத்துக்கொண்டு ‘பவுடர்’ என்று படிக்கிறார்கள். பிரெஞ்சில் ஓ-வும் யூ-வும் சேர்ந்தால் உகரம். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், புதூர்! புதுச்சேரி உழவர்கரையை அவர்கள் ‘உல்கரே’ ஆக்கியதும் இந்தக் கணக்குதான். ழகரமும் ளகரமும் லகரமாகிவிடும், மற்றபடி ஒலி பெரிதாகக் கெடாது. தூத்துக்குடியை ஒட்டிய முத்துக்குளித்துறைப் பக்கம் போர்த்துகீசியர் காது வேறு மாதிரி. அவர்களுக்குப் புன்னைக்காயல் ‘புனிக்காலே’. கடலூர்ப் பக்கத்துப் பரங்கிப்பேட்டைக்குத் தங்கள் பாஷையிலேயே ‘போர்ட்டோ நோவோ’, புதுத்துறைமுகம் என்று பேர் வைத்துவிட்டார்கள். சில ஊருக்குச் சாமியாரே பேர் வைத்ததும் உண்டு. ஏலாக்குறிச்சியைத் திருக்காவலூர் ஆக்கியவர் வீரமாமுனிவர். தெரியாதவர்கள் இரண்டையும் இரண்டு ஊராக எண்ணிக்கொண்டு அலைவார்கள்.

சரி, புதூர் என்று படித்தாயிற்று. எந்தப் புதூர்? எங்கள் தாத்தா பதிவிலேயே எனக்கு இந்தச் சிக்கல் வந்தது. சுற்றுவட்டத்தில் மட்டும் ஐந்து புதூர். வரைபடத்தை மூடிவைத்துவிட்டுப் புத்தகத்தையே பார்த்தேன். அன்று ஒரே நாளில், ஒரே கையெழுத்தில், ஒரே பழுப்பு மையில் ஒன்பது ஞானஸ்நானம். அப்படியென்றால் சாமியார் விசாரிப்புக்கு, அதாவது ஊர் ஊராகச் சனங்களைப் பார்க்கப் போயிருக்கிறார், பங்குக் கோவிலில் கொடுத்ததல்ல. முந்தின நாள் பதிவுகள் ஆற்றுக்குத் தென்கரை ஊர் ஒன்றில். மறுநாள் பதிவுகள் அங்கிருந்து மேற்கே இரண்டு காத தூரத்தில். குதிரையிலோ மாட்டு வண்டியிலோ போகிற மனுஷன் நடுவில் ஒரு நாள் தங்கக்கூடிய புதூர் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. சந்தேகத்துக்கு ஞானத்தாயின் (ஞானஸ்நானத்தில் பிள்ளைக்குப் பொறுப்பேற்று நிற்கும் பெண்ணின்) பேரைத் தேடினேன். அந்தப் பாட்டி அடுத்த நாலு வருஷத்தில் ஏழு பிள்ளைகளுக்கு ஞானத்தாயாக நின்றிருக்கிறார், எல்லாம் அதே வட்டாரத்தில். ஒன்றில் ‘உபதேசியார் மனைவி’, அதாவது வேதம் சொல்லிக்கொடுப்பவரின் மனைவி, என்ற குறிப்பும் இருந்தது. ஊர்ப்பேரைவிட ஞானப்பெற்றோர் பேர் நிறையப் பேசும் என்பது என் அனுபவம். அவர்கள் எங்கேயும் போய்விடுவதில்லை.

இந்த வித்தை எல்லா இடத்திலும் பலிக்காது. தாது வருஷப் பஞ்சத்தில் (1876–78) பிழைப்புத் தேடி அலைந்த சனங்கள் சொன்ன ஊர் எந்தத் திசையிலும் இருக்கலாம். சில ஊர் குடியில்லாமல் போய் வருவாய்த்துறைக் கணக்கில் பேச்சிராக் கிராமம் என்று பேருக்கு நிற்கும், தாலுகா அலுவலகத்தில் கேட்டால்தான் தெரியும். சேலம் பக்கத்துக்காரர்கள் சிலருக்கு எழுத்தில் பிழையே இருக்காது, ஊர்தான் இருக்காது. 1934-இல் மேட்டூர் அணை கட்டி முடித்தபோது தண்ணீருக்குள் போன ஊர் அது. அணையில் தண்ணீர் நன்றாக இறங்கும்போது பண்ணவாடிப் பக்கம் பழைய தேவாலயக் கோபுரம் தலை நீட்டும்.

இவ்வளவும் எழுதக் காரணம் வேறு. இப்போது பல பங்குகளில் பழைய பதிவேடுகளைக் கணினியில் ஏற்றுகிறார்கள். நல்ல காரியம், கரையான் அரித்தது போக மிச்சத்தையாவது காப்பாற்றலாம். ஆனால் எனக்குத் தெரிந்த ஒரு பங்கில், தட்டச்சு செய்த பையன் எல்லாப் புதூரையும் தன் மாமனார் ஊர்ப் புதூராக ‘திருத்தி’ மாவட்டம், பின்கோடு வரை சேர்த்துவிட்டான். மூலப் புத்தகத்தைப் பரணில் ஏற்றியாயிற்று. இனி சான்றிதழ் வாங்குகிறவர் எல்லாம் அந்த ஊர்க்காரர்தான்.

ஆகவே, பொறுப்பில் இருக்கும் சாமியார்களுக்கு உங்கள் பத்திரிகை வழியாக ஒரு விண்ணப்பம். ஊர்ப்பேரைப் புத்தகத்தில் உள்ள எழுத்துக்கு எழுத்து அப்படியே ஏற்றச் சொல்லுங்கள். நம் ஊகத்தைப் பக்கத்தில் தனிக் கட்டத்தில் போடட்டும், கேள்விக்குறியோடு. பதிவுகளைப் பேர் வரிசையில் கலைத்து அடுக்காமல் பழைய வரிசை எண்ணையும் விட்டு வையுங்கள், அது போனால் சாமியார் போன வழியும் போய்விடும். தட்டச்சுக்கு உட்காரும் பிள்ளைகளுக்கு இபிதெம் என்றால் என்னவென்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பங்கு எழுத்தர்,
திருச்சி.