பொதுக்குழுவில் வாசிக்கப்பட்ட செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டின் பெரிய வேலை, நம் சேகரிப்பு அறையின் பதிவேட்டை ஒழுங்கு செய்ததுதான்.

பழைய பதிவேட்டில் ஒரே மாதிரிப் பித்தளை விளக்குகள் ஒரு பக்கத்தில் ‘குத்துவிளக்கு’, இன்னொரு பக்கத்தில் ‘நிலைவிளக்கு’, வேறொரு கையெழுத்தில் வெறும் ‘விளக்கு, பழையது’ என்று இருந்தன. எழுதியவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அவரவர் வீட்டில் புழங்கிய பெயர். ஆனால் கணினியில் ஏற்றித் தேடினால் ஒன்று கிடைக்கும், மற்றவை கிடைக்காது.

அமெரிக்காவின் கெட்டி (Getty) என்னும் கலை ஆய்வு நிறுவனம் கலை, கட்டடக்கலைச் சொற்களுக்கு ஒரு பெரிய சொல்லடைவு வைத்திருக்கிறது. 1990இல் புத்தகமாக வந்தது. 2014 முதல் யாரும் எடுத்தாளும்படி திறந்த தரவாகக் கிடைக்கிறது. அதில் ஒவ்வொரு வகைப் பொருளுக்கும் ஓர் எண். ஓவியம் என்றால் 300033618. எந்த மொழிப் பெயரும் அந்த எண்ணின் கீழ் சேரும். ஊர்ப்பெயர்களுக்குத் தனி அடைவு உண்டு: தஞ்சாவூர் என்றாலும் டாஞ்சூர் என்றாலும் ஒரே எண்தான். நாமும் எண்ணுக்கு ஒரு கட்டம் ஒதுக்கிவிட்டு, வீட்டுப் பெயர்களை அப்படியே வைத்துக்கொண்டோம்.

படங்களில் உள்ள காட்சிகளை வகைப்படுத்த நெதர்லாந்தில் உருவான ஐகான்கிளாஸ் முறையையும் பார்த்தோம். விவிலியத்துக்கு ஒரு முழுப் பிரிவு, கிரேக்க ரோமானியப் புராணங்களுக்கு இன்னொன்று. நம் சாமிகளோ ‘கிறித்தவம் அல்லாத சமயங்கள்’ என்ற உட்பிரிவில் மற்ற சமயத்தாரோடு நெருக்கியடித்து நிற்கிறார்கள். வள்ளி திருமணப் படத்தை அங்கே எப்படிச் சொருகுவது? சரி, விட்டுவிட்டோம்.

கண்டிப்பாக வேண்டியது 1997இல் வெளியான ஆப்ஜெக்ட் ஐடி. களவு போன பொருளை அடையாளம் காட்டுவதற்கென்றே வந்த படிவம் அது: நிழற்படம், அளவு, பொறிப்பு, அப்புறம் தனி அடையாளங்கள். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலில் களவு போன நடராசர் சிலை 2014இல் ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பியதற்கு, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இருந்த 1994ஆம் ஆண்டுப் படம் பெரிய சான்று. ஆகவே ‘பழையது’ என்று இனி யாரும் எழுதவேண்டாம். விளக்கின் தண்டு எங்கே நசுங்கியிருக்கிறது, ஐந்து முகத்தில் எது மழுங்கியிருக்கிறது என்று எழுதுங்கள்.

துணிகள் இன்னும் பாக்கி. நெசவு தெரிந்த உறுப்பினர்கள் கரை, முந்தி வகைகளைச் சொல்லித்தர வரவேண்டும். படமெடுக்க ஒரு விளக்கும் அளவுகோலும் வாங்க இன்றைய கூட்டத்தின் ஒப்புதலைக் கோருகிறேன்.