எஸ்டோனியர்களை ஸ்லாவியர் ஆக்காதீர்கள்: செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ் ஊடகங்களில் வெளிநாட்டுச் செய்திகளைக் கவனிக்கும் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

உக்ரைன் போருக்குப் பிறகு எஸ்டோனியாவின் பெயர் நம் செய்திகளில் அடிக்கடி அடிபடுகிறது. கூடவே 'ஸ்லாவிய நாடு' என்ற அடைமொழியும் சில இடங்களில் ஒட்டிக்கொள்கிறது. ஸ்லாவியர் என்றால் ரஷ்யம், உக்ரைனியம், போலிஷ் போன்ற ஒரே கிளை மொழிகளைப் பேசும் மக்கள். ரஷ்யாவுக்குப் பக்கத்து நாடு, சோவியத்தில் இருந்த நாடு, அப்புறம் ஸ்லாவியர் இல்லாமல் வேறு யார் என்று நினைத்து எழுதிவிடுகிறார்கள். தயவுசெய்து இதை நிறுத்துங்கள்.

எஸ்டோனிய மொழி யூரலிக் குடும்பத்தின் ஃபின்னிக் கிளையைச் சேர்ந்தது. ஃபின்லாந்து மொழி அதற்கு நெருங்கிய சொந்தம், ஹங்கேரிய மொழி தூரத்துச் சொந்தம். ஒன்று, இரண்டு, மூன்று என்பதற்கு எஸ்டோனியர் 'யுக்ஸ், காக்ஸ், கோல்ம்' என்பார்கள்; ஃபின்லாந்தில் 'யுக்ஸி, காக்ஸி, கோல்மே'. ரஷ்யரோ 'அதீன், த்வா, த்ரி' என்பார். இந்த த்வாவும் த்ரியும் இந்தியின் தோ, தீனோடு ஒரே வம்சம். ஆக, ரஷ்ய மொழிக்கு இந்திதான் பங்காளி, எஸ்டோனியம் அல்ல. எஸ்டோனியத்தில் 14 வேற்றுமைகள் உண்டு. அவன், அவள் என்ற பால் வேறுபாடே கிடையாது.

லாட்வியர்களும் லிதுவேனியர்களும்கூட ஸ்லாவியர் அல்லர். அவர்கள் மொழிகள், ரஷ்யமும் இந்தியும் இருக்கும் இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தின் பால்டிக் கிளை. 'பால்டிக் நாடுகள்' என்று மூன்றையும் சேர்த்துச் சொல்வது புவியியல் கணக்குக்குச் சரி, மொழிக் கணக்குக்கு ஆகாது.

இதை இரத்தத் தூய்மை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மரபணுவில் எஸ்டோனியர்கள் லாட்வியர்களுக்கு மிக நெருக்கம். புத்தகத்தைக் குறிக்கும் 'ராமத்', ஜன்னலைக் குறிக்கும் 'அகென்' இரண்டும் பழைய ஸ்லாவியக் கடன்சொற்கள். தென்கிழக்கில் வாழும் சேத்து மக்கள் ரஷ்யர்களைப் போலவே ஆர்த்தடாக்ஸ் சபையினர், ஆனால் பேசுவது ஃபின்னிக் மொழி. கலப்பு இருந்தும் எஸ்டோனியரைத் தனித்துக் காட்டுவது மொழி.

அந்த மொழிக்காக அவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1869-இல் தார்த்து நகரில், எஸ்டோனிய மொழியில் மக்கள் கூடிப் பாடும் முதல் பாடல் விழா நடந்தது. 1940-இல் சோவியத் ஒன்றியம் எஸ்டோனியாவையே விழுங்கியது. 1949 மார்ச்சில் மட்டும் 20,000-க்கும் மேற்பட்டோரை சைபீரியாவுக்கு நாடு கடத்தினார்கள். பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். மறுபக்கம் ரஷ்யாவிலிருந்து தொழிலாளர்கள் வந்து குடியேறினார்கள். 1934-இல் ஏறத்தாழ 88 சதவீதமாக இருந்த எஸ்டோனியர்கள் 1989-இல் 62 சதவீதத்துக்குக் கீழே போனார்கள். அந்த 1989 ஜனவரியில், சோவியத் ஆட்சி இருக்கும்போதே, எஸ்டோனியத்தை அரசு மொழியாக்கிச் சட்டம் போட்டார்கள். இப்படிப் போராடியவர்களை ஸ்லாவியர் என்று எழுதும்போது எனக்கு மனம் வலிக்கிறது.

இன்று அங்கே வாழும் ரஷ்யர்கள் ஸ்லாவியர்கள்தான், அதில் குறைவு ஒன்றுமில்லை. நார்வா நகரத்தில் பெரும்பாலோர் ரஷ்யம் பேசுகிறவர்கள், பலர் எஸ்டோனியக் குடிமக்கள். ஆகவே 'எஸ்டோனியக் குடிமக்கள்', 'எஸ்டோனிய இனத்தவர்' இரண்டையும் பிரித்து எழுதுங்கள்.

இன்னொன்று. 19-ஆம் நூற்றாண்டில் கால்டுவெல் திராவிட மொழிகளை ஃபின்லாந்து மொழி இருக்கும் கூட்டத்தோடு சேர்த்துப் பார்த்தார். மொழியியலாளர்கள் அந்த உறவை ஏற்கவில்லை. ஸ்லாவியப் பட்டத்தை எடுத்துவிட்டு 'தமிழின் சொந்தம்' என்று எழுதினால் அதுவும் தவறுதான். 'ஃபின்னிக் மொழி பேசும் எஸ்டோனியர்கள்' என்று எழுதுங்கள், போதும்.

அன்புடன்,
ஒரு வாசகர்