த்ரீ ஷீட்ஸ்னா பெட்ஷீட் இல்லம்மா

பாப்பாவுக்கு,

அப்பா எழுதுதேன். போன்ல சொன்னா பாதியில உனக்கு மீட்டிங் வந்துரும், அதான் உக்காந்து டைப் பண்ணுதேன், தப்பு இருந்தா கண்டுக்காத. நேத்து நீ சொன்னேல்லா, இங்கிலாந்துல உங்க பிரிஸ்டல் ஆபீஸ்ல எல்லாரும் ஏதோ சொல்லி சிரிக்காங்க நானும் புரிஞ்ச மாதிரியே சிரிச்சு வைக்கேன்னு, காலேஜ்ல படிச்ச இங்கிலீஷ் இங்க வந்து பல்லிளிக்குன்னு, அப்புறம் நோட்ல எழுதி வச்சிருந்தத ஒவ்வொண்ணா வாசிச்சேல்லா. நீ அழுவுத மாதிரி பேசுத, எனக்கு இந்தப் பக்கம் சிரிப்ப அடக்க முடியல. ஏன்னா நீ வாசிச்சதுல முக்கால்வாசி அப்பா முப்பது வருஷம் கப்பல் டெக்ல கயிறு இழுத்த இடத்து வார்த்தை. நான் பத்தாங்கிளாஸ் ஃபெயிலு.

மொதல்ல அந்த த்ரீ ஷீட்ஸ் டு த விண்ட். வெள்ளிக்கிழமை பார்ட்டில ஒருத்தர் ஓவரா குடிச்சத உங்க மேனேஜர் அப்படி சொன்னாருன்னும், நீ மூணு பெட்ஷீட் காத்துல பறக்குதுன்னு நெனச்சேன்னும் சொன்ன. கப்பல்ல ஷீட்னா துணி இல்லம்மா, கயிறு. பாயோட கீழ் மூலையில கட்டி இழுத்துப் பிடிக்கிற கயிறு, உங்க தாத்தா தோணியில அதுக்குப் பேரு தாமான். சின்ன வயசுல கொழும்புக்கு ஓடுன தோணியில தாத்தா கையில அது அறுத்த தழும்பு இருந்துச்சே, நீ தடவிப் பாப்பியே, அதேதான். அந்தக் கயிறு அவுந்து காத்துல போச்சுன்னா பாய் படபடன்னு அடிக்கும், கப்பல் சொன்ன பேச்சு கேக்காம இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடும், ஒண்ணு இல்ல மூணு கயிறு போனா கேக்கவா வேணும். அதான் தள்ளாடுறவனுக்கு அந்தப் பேரு. இங்கிலீஷ்காரன் நூத்துக்கு தொண்ணூறு பேரு இன்னைக்கு அத துணின்னுதான் நெனச்சிட்டிருப்பான், உங்க மேனேஜர்ட்ட கேட்டுப் பாரு.

டேக்கன் அபேக்னு நீயே சொன்ன, அந்தம்மா அப்படி மூஞ்சில அடிச்ச மாதிரி பேசவும் நான் டேக்கன் அபேக் ஆயிட்டேன், அதான் திகைச்சுப் போயிட்டேன்னு. சரியாத்தான் சொல்லியிருக்க. பின்னால இருந்து தள்ளணும்ல காத்து, அது திடீர்னு திசை மாறி பாயோட முன்பக்கம் அடிச்சா பாய் போய் பாய்மரத்தோட ஒட்டிக்கிடும், ஓடிட்டிருந்த கப்பல் அப்படியே நின்னுரும், சில நேரம் மரமே முறியும். தாத்தா அந்த மாதிரி கச்சான் காத்துல மாட்டுன கதைய ஆயிரம் தடவ சொல்லியிருக்காரு.

மொத்தத்துலங்கிறதுக்கு மெயில்ல பை அண்ட் லார்ஜ்னு போடுதாங்கல்லா, அதுவும் இங்க இருந்துதான். பைனா காத்த எதுத்து ஒட்டிப் போறது, லார்ஜ்னா காத்து பின்னால இருந்து வாரது. ரெண்டுலயும் ஒழுங்கா ஓடுற கப்பல்னா பொதுவா நல்ல கப்பல், அவ்வளவுதான்.

லாகின் பண்ணுதேன் லாகின் பண்ணுதேன்னு காலையில ஆரம்பிக்கியே, அந்த லாக் என்னன்னு நெனச்ச? மரக்கட்டை தான். அந்தக் காலத்துல கப்பல் வேகத்த அளக்க ஒரு கட்டைய கயித்துல கட்டி பின்னால தண்ணிக்குள்ள போடுவாங்க, கயித்துல 47 அடி 3 இஞ்சுக்கு ஒரு முடிச்சு, 28 செகண்ட் ஓடுற மணல் கடிகாரத்த கவுத்தி வச்சிட்டு அது தீருறதுக்குள்ள எத்தன முடிச்சு கைய விட்டு ஓடுதுன்னு எண்ணுவாங்க. அந்த முடிச்சுதான் நாட். இன்னைக்கும் ஏரோப்ளேன்காரன் கூட வேகத்த நாட்ல தான் சொல்லுதான். எண்ணுன கணக்க எழுதுற நோட்டு லாக் புக், அது கப்பல ஓட்டுற பிரிட்ஜ் ரூம்ல எப்பவும் இருக்கும், அதுல இருந்து கம்ப்யூட்டருக்கு வந்து நீ தினமும் பாஸ்வேர்டு மறந்துட்டு கத்துற லாகின் வரைக்கும் வந்துட்டு.

இப்ப பிட்டர் எண்ட். இத கொஞ்சம் பெருசா சொல்லணும். உங்க ஆபீஸ்ல ப்ராஜெக்ட பிட்டர் எண்ட் வரைக்கும், அதாவது என்ன ஆனாலும் கடைசி வரைக்கும் பாத்துருவோம்னு சொன்னாங்கல்லா, அம்மா அது பைபிள்ல வாரது, நீதிமொழியில எட்டி மாதிரி கசப்பான முடிவுன்னு இருக்குன்னு சண்டைக்கு வாரா. அவ சொல்றதும் கலந்திருக்கலாம், நான் மறுக்கல. ஆனா கப்பல்ல பிட்ஸ்னு டெக்ல ரெண்டு குத்துக்கட்டை நிக்கும், நங்கூரக் கயித்த அதுலதான் சுத்துவாங்க, உள்பக்கம் மிஞ்சுற நுனிக்குப் பேரு பிட்டர் எண்ட். வர்ஜீனியாவுல போய் குடியேறுனாரே கேப்டன் ஜான் ஸ்மித், அவரு 1627ல போட்ட மாலுமி புஸ்தகத்துலயே இது இருக்கு. இப்ப கயிறு போயி இரும்புச் சங்கிலி வந்துட்டு, ஆனா பேரு மாறல. சங்கிலி கெடக்குற ரூமு, செயின் லாக்கர்னு பேரு, அதுக்குள்ள சங்கிலியோட கடைசி நுனிய ஒரு இரும்பு பின்னு போட்டு கப்பலோட மாட்டியிருப்பாங்க, அதான் பிட்டர் எண்ட்.

நான் அத கண்ணால பாத்தவன். ஒரு கப்பல்ல, பேரு வேண்டாம், நங்கூரம் போடும்போது பிரேக் பிடிக்கல. சங்கிலி ஓடுது. சங்கிலியில ஒரு ஷாக்கிள் நீளம்னா இருபத்தேழரை மீட்டர், அது போகுது அடுத்தது போகுது, துருத் தூசி புகை மாதிரி கெளம்புது, பிரேக்ல இருந்து தீப்பொறி, காலுக்கு கீழ இரும்பு நடுங்குது. நான் பிரேக் சக்கரத்த விட்டுட்டு பசங்கள கத்தி ஓட வச்சேன், நானும் ஓடுனேன். கடைசி நுனி அந்த இரும்பு பின்ன பிச்சிட்டு மேல வந்து சாட்டை மாதிரி ஒரு அடி அடிச்சு கடலுக்குள்ள போச்சு. அதுக்கப்புறம் ஒரு சத்தமும் இல்ல. ரெண்டு நாளு சாப்பாடு இறங்கல. அப்ப நீ யூகேஜி, அம்மாட்ட கூட சொல்லல, இப்ப வாசிச்சு காட்டிராத.

தலை கிறுகிறுன்னு க்ராகியா இருக்குன்னு காலையில சொல்லுவியே, அதுக்குக் காரணம் எட்வர்ட் வெர்னன்னு ஒரு அட்மிரல். மாலுமிங்க ரம்ம அப்படியே குடிச்சு விழுறாங்கன்னு 1740ல ஒரு பங்கு ரம்முக்கு நாலு பங்கு தண்ணி ஊத்தச் சொல்லிட்டாரு. அவரு போட்ட கோட்டுத் துணி பேரு க்ரோக்ரம், பட்டப்பேரு ஓல்ட் க்ராக், ஆத்திரத்துல அந்த தண்ணி ரம்முக்கும் க்ராக்னே வச்சுட்டானுவ. இங்கிலாந்து நேவியில தினம் ரம் குடுக்கிற பழக்கம் 1970 ஜூலை 31 வரைக்கும் இருந்துச்சு.

ஒண்ணு மட்டும் யார்ட்டயும் சொல்லிராத. பணக்காரத்தனமா இருந்தா பாஷ்னு சொல்லுவாங்கல்லா, அந்த பாஷ்னா போர்ட் அவுட் ஸ்டார்போர்ட் ஹோம், இந்தியாவுக்கு வாரப்ப வெயில் படாத இடது பக்க கேபின், திரும்புறப்ப வலது பக்கம், பணக்காரன் டிக்கெட்ல அப்படி அடிச்சிருக்கும்னு ஒரு கதை. நானே கப்பல்ல எத்தன பயலுவளுக்கு அடிச்சு விட்டிருக்கேன். அப்படி ஒரு டிக்கெட்டு ஒருத்தன் கையிலயும் இதுவரைக்கும் சிக்கலயாம், உங்க அண்ணன் தேடி எடுத்து என் மானத்த வாங்கிட்டான்.

இங்கிலீஷ்காரனுக்கு நாம குடுத்த வார்த்தை கட்டுமரம். வில்லியம் டாம்பியர்னு ஒரு கடலோடி, பாதி கொள்ளைக்காரன், 1697ல போட்ட புஸ்தகத்துல சோழமண்டலக் கரையில பாத்தத கேட்டமரன்னு எழுதியிருக்கான். இப்ப அந்தப் பேர ரெண்டு தொட்டி ஒட்டுன படகுக்கு வச்சிட்டாங்க, கட்டவும் இல்ல மரமும் இல்ல.

நீ இருக்க ஊருக்கே ஒண்ணு இருக்கு. உங்க மேனேஜர் உன் ஃபைல பாத்துட்டு ஷிப்ஷேப் அண்ட் பிரிஸ்டல் ஃபேஷன்னு சொன்னாருன்னியே, நீ திட்டோன்னு பயந்தியே, அது பாராட்டு புள்ள. அங்க ஏவன் ஆத்துல தண்ணி ஏறி இறங்குறது பன்னெண்டு மீட்டருக்கு மேல, நாலு மாடி உயரம். தண்ணி வத்துனா கப்பல் சேத்துல தட்டி உக்காரும், சாயும், உள்ள சரக்க ஒழுங்கா கட்டி வைக்கலன்னா எல்லாம் உருண்டு நாசம். அதனால பிரிஸ்டலுக்குப் போற கப்பல்னா எல்லாம் கச்சிதமா இருக்கணும். 1809ல லாக்னு சொல்ற தண்ணிக் கதவு வச்சு தண்ணிய நிறுத்தி ஃப்ளோட்டிங் ஹார்பர் கட்டுன பெறவுதான் கப்பல் மிதந்துட்டே நிக்க முடிஞ்சுது, நீ சாயங்காலம் காபி குடிக்கப் போறேன்னு போட்டோ போடுதியே, அந்தத் தண்ணி.

நான் உங்க ஊரு பக்கத்துத் துறைமுகம் ஏவன்மவுத்துக்கு ஒரே ஒரு தடவ வந்தேன், தண்ணி ஏறுறதுக்காக வெளிய காத்துக் கெடந்து ராத்திரி உள்ள போயி ரெண்டாம் நாளே கெளம்பிட்டோம், சேத்த பாக்கவே இல்ல. ஞாயித்துக்கிழமை லோ டைடு எப்பன்னு போன்ல பாத்துட்டு அந்தப் பெரிய தொங்கு பாலத்துக்கு மேல நின்னு கீழ ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. ஸ்வெட்டர் போட்டுட்டுப் போ, அங்க காத்து மோசம்.

அப்பா