முகத்தைவிடக் காலைக் கவனி

கிளிநொச்சி

அன்பின் தவம்,

கடிதமும் படமும் கிடைத்தன. வீட்டில் எல்லாரும் சுகம் என்று அறிந்து சந்தோசம். இங்கை மாரி விட்டு, காலபோக வெட்டு தொடங்கீட்டுது. இப்ப மேசன்மாரைத் தேடினால் வயலில்தான் பிடிக்கலாம்.

பம்பைமடுவில், வவுனியாப் பல்கலைக்கழகத்தில் வைக்க நீங்கள் யோசிக்கிற சிலையைப் பார்த்தன். ஏட்டை நீட்டிப் பிடித்தபடி நிற்கிற பெண், 7 அடி. கடிதத்தில் பாதி முகத்தைப் பற்றியே எழுதியிருக்கிறாய். நல்ல கைக்காரன் என்றால் முகம் வந்திடும். சீமெந்துச் சிலை பழுதாகிறது காலிலும் நீட்டின கையிலும்தான். காசை அங்கை போடு.

உள்ளே கோறையாய் இருக்கட்டும். ஒன்றரை அங்குலத் தோல் போதும், அதுவே அரை தொன் அளவில் வரும். அத்திவாரத்துக்குக் கிறவல் தட்டும் வரை வெட்டுங்கள், மூன்று அடியாவது போகவேணும். களிமண்ணில் நிறுத்தினால் மாரியில் ஊதி, கோடையில் சுருங்கி, சிலையைச் சரித்துவிடும். 5 அடிக்கு 5 அடி, ஒரு அடி தடிப்பு, சீமெந்து, மணல், கல் 1:2:4 கலவை: சீமெந்து ஐந்து பை பிடிக்கும். கால் இரண்டுக்கும் இரண்டிரண்டு 16 மி.மீ. கம்பி, அத்திவாரத்துக்குள் வளைத்துக் கொழுவி, தோள் வரைக்கும் ஒட்டில்லாமல் போகவேணும். பீடம் கட்டின பிறகு துளைத்துக் கம்பி நடுவம் என்று ஆராவது சொன்னால் விடாதே.

கைக்கு 12 மி.மீ. கம்பி. தோளோடு நிறுத்தினால் தோளிலேயே வெடிக்கும். முதுகுப் பக்கமாய் மற்றத் தோள் வரை ஓடவேணும். பாரம் இழுக்கிறது கையின் மேல்பக்கம் என்றபடியால் தடித்த கம்பி மேலே இருக்கட்டும். ஏட்டின் பாரத்தை மட்டும் கணக்குப் பார்க்காதே. அந்தக் கையில் குரங்கு தொங்கும், பட்டமளிப்பு நாளில் பெடியளும் தொங்குவாங்கள்.

உடம்புக்கு 6 மி.மீ. கம்பியை 4 அங்குல இடைவெளியில் கட்டி, மேலே அரை அங்குலக் கோழிக்கூட்டு வலை இரண்டு மடிப்பு. கட்டுக்கம்பியின் நுனியை உள்ளுக்கு மடக்கவேணும். வெளியே நீட்டி நிற்கிற நுனியில்தான் முதல் கறள் வரும். கறள் பிடித்த இரும்பு இரண்டு மடங்குக்கு மேல் ஊதும், பூச்சைப் பிளந்துகொண்டு வெளியே வரும். ஆனபடியால் வலைக்கு மேல் அரை அங்குலத்துக்குக் குறையாமல் பூச்சு வேணும். மூக்கும் விரலும் மெல்லிசாய் வரவேணுமென்று அதைச் சுரண்டுவாங்கள், கவனம்.

பூச்சுக் கலவை, சீமெந்து ஒன்றுக்கு மணல் இரண்டு. 50 கிலோ பைக்குத் தண்ணீர் 20 முதல் 22 லீற்றர், மணல் ஈரமென்றால் அதிலும் குறை. ஆற்று மணல்தான். கடல் மணலும் உவர்க் கிணற்றுத் தண்ணீரும் கம்பியைத் தின்னும். மணலைப் போத்தலில் தண்ணீரோடு குலுக்கி வை. அடைந்த பிறகு மேலே சேற்றுப் படை தடிப்பாய் நின்றால் கழுவாமல் பாவிக்காதே. முதல் பூச்சைக் கரண்டியால் தடவக்கூடாது. வலைக்குள்ளால் பிதுங்கி மறுபக்கம் எட்டிப்பார்க்கும் வரை கையுறை போட்டு அழுத்தவேணும். அழுத்தாத இடம் உள்ளே பொக்காய் நிற்கும், தண்ணீர் அங்கைதான் குடியிருக்கும்.

சோளகம் கிளம்புமுன் பூச்சை முடி. அந்தக் காற்றில் சீமெந்து இறுகமுன் காய்ந்து மயிர் வெடிப்பு விழும். எப்படியும் கிடுகுப் பந்தலுக்குக் கீழேதான் வேலை. முடிந்த பிறகு ஈரச் சாக்குச் சுற்றி 14 நாள். சேலை மடிப்பு, ஏட்டின் மேல்பக்கம் எல்லாம் தண்ணீர் வடிகிற சாய்வில் இருக்கட்டும். பாதத்துக்குக் கீழே உள்ளீரம் வெளியேற ஒரு துளை வை.

பொன்னிறப் பெயின்ற் அடிக்கிற ஆசையை ஆராவது தடுங்கள். ஈரம் காயாத சீமெந்தில் எண்ணெய்ப் பெயின்ற் கொப்பளித்து உரியும். நிறம் வேணுமென்றால் கடைசிப் பூச்சிலேயே ஒட்சைட் தூள் கல.

கிழக்குப் பார்க்க வை. வடக்குப் பார்த்தால் ஆண்டில் பெரும்பகுதி முகம் நிழலில் கிடக்கும். பழைய மாணவர் பெயரில் கல் பதிக்கிறதென்றால் வாசகத்தையும் பார்த்துக்கொள். இப்ப வவுனியாப் பல்கலைக்கழகம், 2021 ஓகஸ்டுக்கு முன் அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகம். இரண்டு பெயரும் வராட்டி ஒரு பகுதியார் கோவிப்பினம்.

பக்கவாட்டில் ஒரு படம் வரைந்து அனுப்பு. கைக்குள் கம்பி போகிற வழியைக் குறித்துத் திருப்பி அனுப்புறன்.

அன்புடன்,
சிவம்