உடல்தகுதித் தேர்வு: வீட்டில் கவனிக்க வேண்டியவை

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். வரும் திங்கட்கிழமை முதல் ஒரு வாரம் நம் பள்ளியில் உடல்தகுதித் தேர்வு நடைபெறும். மத்திய அரசின் விளையாட்டு வளர்ச்சித் திட்டமான கேலோ இந்தியா வகுத்த முறையில்தான் நடத்துகிறோம். 1 முதல் 3 வரையுள்ள வகுப்புகளுக்கு உயரம், எடை, ஒற்றைக்காலில் நிற்பது, இரண்டு வட்டங்களை மாற்றி மாற்றிக் கையால் தட்டுவது ஆகியவை மட்டும். 4ஆம் வகுப்பு முதல் 50 மீட்டர் ஓட்டம், 600 மீட்டர் ஓட்டம், உட்கார்ந்து முன்னால் குனிந்து கையை எட்டவிடுவது, வயிற்றுத் தசைக்கான பயிற்சி, தண்டால். இது மதிப்பெண் பட்டியலில் சேராது. யாரையும் யாரோடும் ஒப்பிடவும் மாட்டோம்.

நம் பள்ளியில் சுற்றுக் கிராமத்துப் பிள்ளைகளும் டவுன் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கிறார்கள். “எங்க பையன் காட்டுல மேட்டுல ஓடி வளர்ந்தவன், அவனுக்கு எதுக்கு சார் இதெல்லாம்” என்று கிராமத்துப் பெற்றோர் கேட்கிறார்கள். உடல்தகுதி ஒரே சரக்கு அல்ல என்பதுதான் பதில். மூச்சு வாங்காமல் ஓடுவது ஒன்று, தசைவலு ஒன்று, உடல் வளைவது ஒன்று, கண்ணும் கையும் சேர்ந்து வேலை செய்வது இன்னொன்று. தினமும் எதைச் செய்கிறோமோ அதுதான் வளரும். எடை குறைந்த பிள்ளைக்கு ஓட்டமும் தண்டாலும் சுலபமாக வரும். அதே பிள்ளையால் கனமான பந்தைத் தூரமாக எறிய முடியாமல் போகலாம். கோடை முகாமில் கிரிக்கெட் பழகிய டவுன் பிள்ளை பந்தை அழகாகப் பிடிப்பான், 600 மீட்டரில் பாதியிலேயே நின்றுவிடுவான். இப்போது கிராமத்துக்கும் பள்ளி வேன் வந்துவிட்டது. காலை ஏழு மணிக்கு ஏறி மாலை இருட்டும்போது இறங்கும் பிள்ளைக்கும் அடுக்குமாடிப் பிள்ளைக்கும் நடையில் பெரிய வித்தியாசம் இல்லை. தண்ணீர்க் குடம் தூக்கும் பெண்பிள்ளைக்குக் கை வலுக்கும். ஆனால் ஓடி ஆடுவதற்கு அது ஈடாகாது.

600 மீட்டரில் அதிகம் நடக்கும் தவறு, முதல் 100 மீட்டரைப் பந்தயம்போல் ஓடுவது. அப்புறம் விலாவில் பிடிப்பு வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் தொடங்கி, கடைசி 150 மீட்டரில் வேகம் கூட்டச் சொல்லுங்கள். நடுவில் நடந்தால் தவறில்லை. 50 மீட்டரில் கோட்டுக்கு முன்பே வேகத்தைக் குறைக்கிறார்கள். கோட்டைத் தாண்டி ஐந்து மீட்டர் வரை ஓட வேண்டும். தேர்வுக்காகப் புதிய ஷூ வாங்க வேண்டாம். பழகாத ஷூ காலைக் கடிக்கும், பெரிதாக இருந்தால் தடுக்கிவிடும். காலைச் சாப்பாட்டை ஒன்றரை, இரண்டு மணி நேரம் முன்பே முடித்து அனுப்புங்கள். வெறும் வயிற்றில் அனுப்பாதீர்கள்.

சின்னப் பிள்ளைகள் விஷயத்தில்தான் எனக்குக் கவலை அதிகம். ஐந்து வயது முடிந்த பிள்ளை பெரும்பாலும் ஒற்றைக்காலில் 10 வினாடி நிற்கும். வீட்டில் இரண்டு காலையும் மாற்றி நிற்கவைத்துப் பாருங்கள். தள்ளாடினால் பயப்பட வேண்டாம். பாண்டியும் நொண்டியும் இரண்டு மாதம் ஆடட்டும், இரண்டு காலிலும். பந்து வரும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு நெஞ்சோடு அணைத்துப் பிடிக்கிற பிள்ளைக்கு முதலில் பலூன், பிறகு பழைய துணிப்பந்து, அதற்குப் பிறகு ரப்பர் பந்து. இரண்டு மீட்டர் தூரத்திலிருந்து, கீழ்க்கையாகப் போடுங்கள். எறியும்போது வலக்கையால் எறிகிறவர் இடக்காலை முன்வைக்க வேண்டும். பலர் அதே பக்கக் காலை வைப்பதால் இடுப்பு திரும்பாமல், கையால் மட்டும் எறிந்து தோளை வலிக்கவைத்துக்கொள்கிறார்கள். ஸ்கிப்பிங் கயிற்றின் நடுவில் மிதித்து நின்றால் இரு முனையும் அக்குள் வரை வர வேண்டும். சுழற்றுவது மணிக்கட்டு, முழுக் கை அல்ல. தட்டாங்கல்லும் பம்பரமும் விரலுக்கும் கண்ணுக்கும் நல்ல பயிற்சி. எழுதும்போது கை வலிக்கிறது என்கிற பிள்ளைகளுக்கு இவற்றைத் தாராளமாகக் கொடுங்கள்.

கொஞ்சம் ஓடினாலே மூச்சு வாங்குகிற, சோர்ந்து கிடக்கிற பிள்ளையைச் சோம்பேறி என்று திட்டாதீர்கள். ரத்தசோகையாக இருக்கலாம். திறந்தவெளியில் மலம் கழிக்கும் மண்ணில் வெறுங்காலோடு நடந்தால் கொக்கிப்புழு பாதத்தோல் வழியே ஏறிக் குடலில் ரத்தத்தை உறிஞ்சும். பள்ளியில் தரும் குடற்புழு மாத்திரையை மென்று விழுங்கச் சொல்லுங்கள். இரும்புச்சத்து மாத்திரையைத் தூக்கி எறிய விடாதீர்கள். கீரை, முருங்கைக்கீரையோடு எலுமிச்சையோ கொய்யாவோ சேர்ந்தால் இரும்புச்சத்து நன்றாக உடலில் சேரும். சாப்பிட்டவுடன் டீ குடித்தால் அவ்வளவாகச் சேராது.

7, 8ஆம் வகுப்பில் திடீரென உயரும் பிள்ளைகள் சில மாதம் தடுமாறுவார்கள், உடல் வளையாது. தானே சரியாகும், கேலி செய்யாதீர்கள். வயதுக்கு வந்த மகளை விளையாட்டிலிருந்து நிறுத்தாதீர்கள் என்று உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். மாதவிடாய் நாளிலும் உடம்பு ஒத்துழைத்தால் ஓடலாம்.

5 முதல் 17 வயதுவரை உள்ளவர்களுக்குச் சராசரியாகத் தினமும் 60 நிமிட உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். பி.டி. பீரியடைக் கணக்குக்கோ அறிவியலுக்கோ கொடுக்க இனி அனுமதிக்க மாட்டேன். ஆனால் வாரத்தில் சில பீரியட் போதாது. மீதி உங்கள் கையில். டியூஷனுக்கு முன் முக்கால் மணி நேரம் தெருவில் விட்டுவிடுங்கள்.

இளைப்பு (ஆஸ்துமா), இதயக் கோளாறு, வலிப்பு, ஓடும்போது நெஞ்சு வலி அல்லது மயக்கம் இருந்தால், இணைப்புச் சீட்டில் எழுதி வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். இளைப்புக்கு இன்ஹேலர் பயன்படுத்துகிற பிள்ளை அதைக் கையோடு கொண்டுவர வேண்டும். காய்ச்சலோடு அனுப்ப வேண்டாம். விடுபட்டவர்களுக்கு மறு வாரம் நடத்துவோம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்