ரபிகளைப் பயிற்றுவிக்கும் கல்லூரிகளுக்கு ஒரு திறந்த மடல்

எருசலேம், நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ், லண்டன் நகரங்களில் யூத சமய குருமாரான ரபிகளை உருவாக்கும் கல்லூரிகளின் பொறுப்பாளர்களுக்கு,

ஷலோம். வணக்கம்.

நான் யூதன் அல்லன். மும்பையை ஒட்டிய தாணேயில் பல காலமாகக் குடியிருக்கும் தமிழன். இங்குள்ள ஷார் ஹஷாமாயிம் ஜெப ஆலயம் 1879இல் கட்டப்பட்டது. அங்கே தொழும் பெனே இஸ்ராயேல் என்ற கொங்கண் கரை யூதக் குடும்பங்களில் சிலர் எனக்கு நெருங்கிய நண்பர்கள். அவர்கள் யாரும் கேட்டு இதை எழுதவில்லை. என் மனத்தில் பட்டதை நானாகவே எழுதுகிறேன்.

சிறிய யூத சமூகங்களுக்கு வெளியூர் ரபிகளை அனுப்புவதோடு உங்கள் வேலை முடிந்துவிட்டதாக நினைக்காதீர்கள். அந்தச் சமூகங்களின் பிள்ளைகளையே ரபிகளாக்குங்கள். கேட்க வந்தது இவ்வளவுதான்.

இந்த யோசனை இந்த மண்ணுக்குப் புதிதன்று. கொங்கண் கரையில் எண்ணெய் செக்கு ஓட்டிப் பிழைத்த பெனே இஸ்ராயேல் மக்களை ஊரார் 'சனிவார் தேலி' என்றார்கள். சனிக்கிழமை செக்கு ஓட்டாத எண்ணெய்க்காரர்கள் என்று பொருள். கொச்சியிலிருந்து வந்த டேவிட் ரஹாபி என்ற யூதர் இவர்களை அடையாளம் கண்ட கதையை இன்றும் சொல்கிறார்கள். பலவகை மீன்களைக் கொடுத்து அவர் சமைக்கச் சொன்னாராம். செதிளும் துடுப்பும் இல்லாத மீன்களைப் பெண்கள் தனியே ஒதுக்கி வைத்தார்களாம். எபிரேயம் மறந்துபோன வீடுகளில் யூத வேதமான தோராவின் சட்டம் அடுப்படியில் உயிரோடு இருந்திருக்கிறது! ரஹாபி அதன்பின் செய்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அவர் தாமே குருவாக அமர்ந்துவிடவில்லை. அவர்களிலேயே மூவரைத் தேர்ந்தெடுத்துக் கற்றுக்கொடுத்தார். 'காஜி' என்று அழைக்கப்பட்ட அவர்களே ஊர் ஊராகப் போய்த் திருமணமும் விருத்தசேதனமும் நடத்தினார்கள், வழக்குகளையும் தீர்த்து வைத்தார்கள்.

இன்றைக்கு இந்தியாவின் பெரும்பாலான ஜெப ஆலயங்களில் நிரந்தர ரபி கிடையாது. ஜெபத்தை நடத்துகிறவர் ஹஸான். பத்துப் பேர் கூடினால் தொழுகை நடக்கும், அதற்கு ரபி தேவையில்லை என்பது உங்களுக்குத் தெரியாததன்று. கொச்சி யூதர்களும் ரபி இல்லாமலே நூற்றாண்டுக் கணக்கில் வாழ்ந்தவர்கள்தாம். ஆனால் முறைப்படி மணவிலக்குப் பத்திரம் வழங்கவோ, ஒருவரை யூதராக ஏற்கவோ மூவர் அமரும் பெத் தின் என்ற சமய நீதிமன்றம் வேண்டும். அதற்கெல்லாம் வெளியாரைத்தான் எதிர்பார்த்து நிற்க வேண்டியிருக்கிறது.

எதிர்பார்த்து நிற்பதன் விலை என்ன என்பதை இவர்கள் அனுபவித்திருக்கிறார்கள். இஸ்ரேலில் குடியேறிய பெனே இஸ்ராயேல் மக்கள் பிற யூதரை மணக்க வேண்டுமானால் முன்னோர் வழியை விசாரிக்க வேண்டும் என்று அந்நாட்டுத் தலைமை ரபிமார் 1960களின் தொடக்கத்தில் நெறிமுறை வகுத்தார்கள். மக்கள் தெருவில் இறங்கிப் போராடிய பிறகே, 1964இல், இவர்கள் எல்லா வகையிலும் முழு யூதர்கள் என்று ஏற்கப்பட்டது. அந்த நெறிமுறையை எழுதிய அவையில் கொங்கண் வழக்கம் தெரிந்த ரபி ஒருவர் உட்கார்ந்திருந்தால் இவ்வளவு அவமானம் நேர்ந்திருக்குமா?

மலீதா என்றொரு வழிபாடு இவர்களுக்கே உரியது. அவலை நனைத்து, சர்க்கரையும் தேங்காய்த் துருவலும் ஏலக்காயும் சேர்த்துப் பிசைந்து, தட்டில் குவித்து, சுற்றிலும் பழங்களை அடுக்குவார்கள். எலியா தீர்க்கதரிசியை நினைத்து எபிரேயத்தில் பாடி, ஒவ்வொரு கனிக்கும் உரிய ஆசியைச் சொல்லிப் பகிர்ந்து உண்பார்கள். புதுமனை, கல்யாணம், நேர்த்திக்கடன் எதுவானாலும் மலீதா உண்டு. நான் அழைக்கப்பட்ட ஒரு வீட்டில், வெளிநாட்டிலிருந்து வந்திருந்த இளம் ரபி ஒருவர் இது எந்த நூலில் இருக்கிறது என்று ஆங்கிலத்தில் கேட்டார். நல்ல மனிதர், ஆழ்ந்து படித்தவர். தட்டை ஏந்தி நின்ற ஆஜி, அதாவது அந்த வீட்டுப் பாட்டி, பதில் சொல்லத் தெரியாமல் மகனைப் பார்த்தார். ஆஜிக்குத் தெரிந்தது மராத்தி. அவரிடம் பேசவும் அவரிடமிருந்து கற்கவும் அந்த ரபிக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

வெளியிலிருந்து வருகிறவர்களைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமன்று. மும்பையில் யூத மையமான நரிமன் இல்லத்தில் வந்தவர்க்கெல்லாம் கதவு திறந்த ரபி கவ்ரியேல் ஹோல்ட்ஸ்பெர்கும் அவர் மனைவி ரிவ்காவும் 2008 நவம்பர் தாக்குதலில் கொல்லப்பட்டதை இந்த நகரம் மறக்காது. அத்தகைய தொண்டு வேண்டும். அது மட்டும் போதாது என்கிறேன்.

வேறு எப்படிச் செய்யலாம் என்பதற்கு உகாண்டா சாட்சி. 1919இல் செமெய் ககுங்குலு தொடங்கிவைத்த அபயுதயா என்ற யூத சமூகம், இடி அமீன் காலத்துத் தடையையும் தாண்டி நின்றது. அதில் பிறந்த கெர்ஷோம் சிசோமு லாஸ் ஏஞ்சலஸின் ஜீக்லர் கல்லூரியில் படித்து 2008இல் ரபியானார். அமெரிக்காவிலேயே தங்கிவிடாமல் ம்பாலே அருகிலுள்ள தம் ஊருக்குத் திரும்பினார், பிறருக்கும் கற்பிக்கத் தொடங்கினார். 2016இல் மக்கள் அவரை நாடாளுமன்றத்துக்கே அனுப்பினார்கள். ஒரு கல்லூரி ஒரே ஒருவருக்குக் கதவு திறந்ததால் வந்த பலன் இது.

உங்களில் பலரின் படிப்பு ஐந்தாண்டு, அதில் ஓராண்டு இஸ்ரேலில். ஊர் ஹஸானுக்கு நாற்பது வயதிருக்கும், குடும்பம் இருக்கும், அலுவலக வேலை இருக்கும். அவரால் ஐந்தாண்டு கடல் கடந்து இருக்க முடியாது. யூதச் சட்ட நூலான தால்மூத்தை இருவராக அமர்ந்து படிக்கும் உங்கள் ஹவ்ருதா முறைக்கு இன்று காணொளி போதும். மொழியும் சட்டமும் ஊரிலிருந்தபடியே கற்கட்டும், தேர்வுக்கும் கடைசி ஓராண்டுக்கும் உங்களிடம் வரட்டும். அந்த ஓராண்டில் அவர் குடும்பச் செலவையும் உதவித்தொகையில் சேர்த்துக் கொடுங்கள். தரத்தைத் தளர்த்தச் சொல்லவில்லை. தளர்த்தினால் அவர் கொடுக்கும் மணவிலக்குப் பத்திரத்தை நாளை யாரும் மதிக்கமாட்டார்கள். உங்கள் ஊர் மாணவர்களையும் சில மாதங்கள் இங்கே அனுப்புங்கள், போதிக்க அல்ல, ஒரு ஹஸானிடம் உதவியாளராக இருக்க.

இந்தியாவில் எஞ்சியிருக்கும் யூதர்கள் சில ஆயிரம் பேர்தாம். இவ்வளவு சிறிய கூட்டத்துக்கா என்று உங்கள் நிதிக்குழு கேட்கலாம். இஸ்ரேலில் வாழும் பெனே இஸ்ராயேல் வம்சத்தார் இவர்களைவிடப் பன்மடங்கு அதிகம் என்று சொல்லுங்கள். இங்கே உருவாகும் ரபி அவர்களுக்கும் ரபிதான்.

அடுத்த சேர்க்கை அறிவிப்பை மராத்தியிலும் அச்சிடுங்கள். தாணே, அலிபாக், பேண், ரேவ்தண்டா, புனே, அகமதாபாத் ஜெப ஆலயங்களின் செயலாளர்களுக்கு அதைத் தபாலில் அனுப்பி வையுங்கள்.

அன்புடன்,
தாணேவாழ் தமிழன் ஒருவன்